பச்சைப் புள்ளி வைத்த அடுப்பு

எஸ்லினுக்கு வாசனை தெரியாமல் போய் இரண்டு வருடமாகிறது. இந்த விஷயம் தெரிந்த ஆள் உலகத்தில் ஒருத்திதான், அவளேதான். கட்டின புருஷனுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு ஃபரீதாவுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் தோள் உரச உட்காருகிறவர்களுக்கும் தெரியாது. ஒரு காய்ச்சலில் பத்து நாள் படுத்து எழுந்தபோது மல்லிகைப்பூவும் மண்ணெண்ணெயும் அவளுக்கு ஒன்றாகிப் போயிருந்தன. திரும்ப வந்துவிடும் என்று ஒரு மாதம் பார்த்தாள். வரவில்லை. அதற்குள் சொல்ல வேண்டிய நாள் கடந்துவிட்டது.

வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும்தான் தோன்றுகிறது. ஆனால் அவள் புருஷன் கிங்ஸ்டனுக்கு மூக்கு என்பது கண்ணாடி மாட்டிக்கொள்ள மட்டும்தான். சைனஸ். சூளகிரிக் காற்று கொஞ்சம் குளிர்ந்தால் போதும், இரண்டு பக்கமும் அடைத்துக்கொண்டு வாயால் மூச்சு விட ஆரம்பித்துவிடுவான். கல்யாணமான புதிதில் ஒருநாள் பழைய டியூபில் லேசாகக் கேஸ் கசிந்ததை எஸ்லின்தான் வாசலில் இருந்தே கண்டுபிடித்தாள். அன்றிலிருந்து போகிற வருகிற இடமெல்லாம் அவனுக்கு அதே பேச்சு. "என் மூக்கு வேலைக்காவாதுப்பா. எங்க வூட்டு கேஸ் அலாரமே எஸ்லிதான்" என்பான். அப்படிப் பெருமை பீற்றிக்கொள்கிற மனுஷனிடம் போய், அந்த அலாரம் செத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது. ஷிஃப்டுக்குக் கிளம்பும்போது "வாசன ஏதாச்சும் வருதா எஸ்லி?" என்று கேட்பான். "இல்லீங்க" என்பாள். அவளுக்குத்தான் எந்த வாசனையும் வரவில்லையே.

மற்ற எல்லாவற்றையும் அவள் சமாளித்துவிட்டாள். உப்பு, மிளகாய்த்தூள், மல்லித்தூள் எல்லாம் ஸ்பூன் கணக்கு. தாளிப்பதற்குக் கைபேசியில் நிமிடம் வைப்பாள். பால் கெட்டதா என்று கொஞ்சம் தனியாகக் காய்ச்சித் திரிகிறதா என்று பார்ப்பாள். கிங்ஸ்டன் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு "சூப்பர்" என்பான். கேஸ் ஒன்றுதான் அவளைத் தூங்கவிடாமல் அடித்தது. அதற்கும் அவள் ஒரு வழி வைத்திருந்தாள், அது கம்பெனி கற்றுக்கொடுத்த வழி.

சூளகிரிக்கு வெளியே ஒரு வண்டிப் பாகக் கம்பெனியில் அவளுக்கு லீக் டெஸ்ட் வேலை. பெட்ரோல் போகிற குழாய்களைக் காற்றடைத்துத் தண்ணீர்த் தொட்டிக்குள் முக்க வேண்டும். குமிழி வந்தால் ரிஜெக்ட். வராவிட்டால் பச்சைப் பெயிண்டில் ஒரு புள்ளி வைத்து அடுத்த டேபிளுக்குத் தள்ள வேண்டும். பச்சைப் புள்ளி வைத்த பீஸை மறுபடி யாரும் தொட்டுப் பார்க்க மாட்டார்கள், தொட்டால் சூப்பர்வைசர் கத்துவார். ஒரு ஷிஃப்டுக்கு எண்ணூறு பீஸ். ஏழு வருடமாகக் குமிழியைப் பார்த்துப் பார்த்து, சாம்பார் கொதித்தால்கூட அவள் கண் அங்கேதான் போய் நிற்கும்.

வீட்டிலும் அதையே செய்தாள். தினமும் காலை ஐந்தரைக்கு, அடுப்பைப் பற்றவைக்கும் முன்னால், பாத்திரம் தேய்க்கிற சோப்பை நுரைத்து ஒரு பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் மூன்று இடத்தில் தடவுவாள். ரெகுலேட்டர் சிலிண்டரில் உட்காருகிற இடம், ரெகுலேட்டரில் டியூப் மாட்டுகிற இடம், அடுப்புக்குப் பின்னால் பித்தளைக் குழலில் டியூப் ஏறுகிற இடம். குமிழி இல்லையென்றால் சர்ச் காலண்டரில் அன்றைய தேதியில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு புள்ளி. "வூட்டையும் கம்பெனி ஆக்கிட்டியா" என்று கிங்ஸ்டன் சிரிப்பான். சிரிக்கட்டும் என்று விட்டுவிடுவாள்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்த டியூபைத்தான் கிங்ஸ்டன் மாற்றினான். பழைய ஆரஞ்சு டியூபில் அச்சடித்திருந்த வருடம் எப்போதோ முடிந்துவிட்டது, ஏஜென்சியில் போய்ப் புதுசு வாங்கி வாருங்கள் என்று அவள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் கம்பெனியில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். நாள் முழுக்க மெஷின்களுக்குக் காற்று லைன் மாட்டுகிறவன். வெட்டிப்போட்ட நீலக் காற்று டியூபில் மூன்று முழத் துண்டைச் சாப்பாட்டுப் பையில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

"இது பத்து கிலோ காத்து தாங்கும். கேஸ் அடுப்புல என்னா பிரஷர் இருக்குது, வாயால ஊதுறாப்பல வர்றது. அவன் ஆரஞ்சுல என்னா பெருசா வெச்சிருக்கான்?" என்றான்.

ரப்பர் டியூப் வளைந்து கொடுக்கும். இது விறைப்பு. முனையை வெந்நீரில் ஊறவைத்துத்தான் அவனால் குழலில் ஏற்ற முடிந்தது. எஸ்லினுக்கு மனசு ஒப்பவில்லை. ஆனாலும் அவன் கைவேலைமேல் அவளுக்கு நம்பிக்கை இருந்தது. சிலிண்டர்ப் பக்கம் கிளிப் இருந்தது, அடுப்புப் பக்கம் இல்லை. கேட்கலாமா என்று நினைத்துவிட்டு நுரை தடவிப் பார்த்தாள். குமிழி வரவில்லை. பச்சைப் புள்ளி வைத்தாள்.

இப்போது நடந்ததற்கு வருகிறேன். அன்றைக்குச் சந்தை நாள், எஸ்லினுக்கு வார விடுமுறை. ஃபரீதாவின் புருஷன் லால் பாஷாவுக்குச் சந்தையில் துணிக்கடை. சந்தை நாளில் அவளும் போய் நின்றால்தான் வியாபாரம் ஓடும். அதனால் எஸ்லின் வீட்டில் இருக்கிற நாளில் பதினோரு மாசப் பிள்ளை அயானை அவளிடம் விட்டுவிட்டுப் போவாள். எஸ்லினுக்குப் பிள்ளை இல்லை. அவன் இடுப்பில் ஏறினால் அவளுக்கு வேறெதுவும் வேண்டாம்.

"பதினோரு மணிக்குக் கேவுரு கஞ்சி குடுத்துருங்கக்கா. மத்தியானம் வந்துர்றேன்" என்று சொல்லி ஒன்பது மணிக்கு ஃபரீதா போனாள். கிங்ஸ்டன் விடியற்காலையிலேயே கம்பெனி பஸ்ஸில் போயிருந்தான். அயான் கொஞ்ச நேரம் தவழ்ந்து, டம்ளரை உருட்டி, கண்ணைக் கசக்கினான். சமையலறை வாசலுக்கு நேரே கூடத்தில் பாய் விரித்துத் தூங்கவைத்தாள். குளிர்காற்று வந்தது. பிள்ளைக்கு ஆகாது என்று ஜன்னலையும் பின்கதவையும் சாத்தினாள்.

இடது பக்கத்துப் பர்னர் ஒரு வாரமாக மஞ்சளாக எரிந்து பாத்திரத்தின் அடியைக் கரியாக்கிக்கொண்டிருந்தது. பிள்ளை தூங்குகிற நேரத்தில் அதைப் பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தாள். ரெகுலேட்டரை மூடிவிட்டுத்தான் தொட்டாள், அதில் குறை சொல்ல முடியாது. பர்னரைக் கழற்றி வெந்நீரிலும் எலுமிச்சையிலும் ஊறவைத்து, ஓட்டை ஓட்டையாக ஊசியால் குத்தினாள். ஓட்டை சுத்தம்தான். அப்படியானால் கேஸும் காற்றும் கலக்கிற குழாயில்தான் கோளாறு. அடுப்பைத் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்த்தால், உள்ளே ஒரு சிலந்தி வெள்ளையாகக் கூடு கட்டியிருந்தது. பால்புட்டி கழுவுகிற பிரஷ்ஷை விட்டு வழித்து எடுத்தாள். சோப்புத் தண்ணீரால் மேடையைத் துடைத்து, அடுப்பைப் பழைய இடத்தில் நகர்த்தி வைத்து, ரெகுலேட்டரைத் திறந்தாள்.

மறுபடி நுரை தடவிப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. காலையில்தான் பார்த்தாயிற்றே. காலண்டரில் புள்ளி இருந்தது.

பற்றவைத்துப் பார்க்கக் கையை நீட்டும்போது தெருமுனை வீட்டுச் சென்னம்மாவின் குரல் வந்தது. "நீள்ளு வச்சாயி, நீள்ளு வச்சாயி" என்று தெலுங்கில் ஒரே கூப்பாடு. நாலு நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீர். விட்டால் அடுத்தது எப்போது என்று யாருக்கும் தெரியாது. அயானை எட்டிப் பார்த்தாள். அசந்து தூங்கினான். முன்கதவை ஒருக்களித்துவிட்டுக் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். வாசல் குழாயடிதான், நாலு எட்டு. ஐந்து நிமிடம் என்று நினைத்தது ஆறு குடமும் ஒரு டிரம்மும் நிறைவதற்குள் இருபத்தைந்து நிமிடமாகிவிட்டது.

திரும்பி வந்தபோது அயான் படுத்த இடத்திலேயே படுத்திருந்தான். இவ்வளவு நேரம் தூங்குகிறானே என்று சந்தோஷப்பட்டாள். கேழ்வரகு மாவைக் கரைத்து அடுப்பில் வைத்தாள். வலது கையில் லைட்டர். இடது கை திருகின்மேல்.

மேடையில் அடுப்புக்குப் பின்னால், அவள் துடைத்து விட்ட சோப்புத் தண்ணீர் கொஞ்சம் தேங்கியிருந்தது. அதில் ஒரு குமிழி எழுந்து உடைந்தது. அதே இடத்தில் இன்னொன்று எழுந்தது.

கை நின்றுவிட்டது. மூளைக்கு எட்டுவதற்கு முன்னால் கைக்கு எட்டிவிட்டது, ஏழு வருடப் பழக்கம். கண் டியூபுக்குப் போனது. விறைத்த நீல டியூப் அடுப்பைச் சாய்த்ததில் இழுபட்டு, கிளிப் இல்லாத பக்கம் பாதிக்குமேல் குழலிலிருந்து கழன்று, முனையில் மட்டும் தொங்கி, அந்தச் சோப்புத் தண்ணீரைத் தொட்டுக்கொண்டிருந்தது. மூன்றாவது குமிழி வந்தது. ரிஜெக்ட் என்று தனக்குள் சொன்னாள், பைத்தியக்காரி.

லைட்டரிலிருந்து கட்டைவிரலை மெதுவாக எடுத்தாள். அதைக் கீழே வைக்கவும் பயம். குனிந்து ரெகுலேட்டரை மூடினாள். கேஸ் காற்றைவிடக் கனம், தரையோடு தரையாகத்தான் ஊரும் என்று கம்பெனியில் தீயணைப்புப் பயிற்சியின்போது சொல்லியிருந்தார்கள். தரையில்தான் பாய் இருந்தது. பாயில்தான் பிள்ளை இருந்தது.

அயானை வாரி எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். ஃபிரிட்ஜ் ஞாபகம் வந்தது. அது தானாக ஓடும்போதும் பொறி வரும். உள்ளே சுவிட்சைத் தொடக் கூடாது. வாசல் சுவரில் மீட்டர் பெட்டியில் மெயினை இறக்கினாள். பிறகுதான் பிள்ளையைப் பார்த்தாள். தலை அவள் தோளில் துவண்டு கிடந்தது.

"அயானு. டேய். கண்ணத் தொறடா தங்கம்."

முகத்தில் ஊதினாள். மார்பில் காதை வைத்தாள். அவள் நெஞ்சு அடித்துக்கொண்ட சத்தத்தில் அவனுடையது கேட்கவில்லை. "ஏசுவே, ஏசுவே" என்று வாய் தானாகச் சொன்னது. உள்ளங்காலைச் சுண்டினாள். வாசலில் இருந்த குடத்தில் கைவிட்டுத் தண்ணீரை முகத்தில் தெளித்தாள். ஒரு விக்கல் வந்தது. அப்புறம் அயான் முகத்தைச் சுளித்து, தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி அழுதான். எஸ்லின் அப்படியே எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

இனிமேல்தான் கஷ்டம். பின்கதவைத் திறந்தால் கேஸ் போய்விடும். திறக்க வேண்டுமானால் உள்ளே போக வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போக முடியாது, விட்டுவிட்டுப் போனால் ரோட்டுக்குத் தவழ்ந்துவிடும். யாரையாவது கூப்பிட்டால், உனக்கு வாசனை தெரியவில்லையா என்று கேட்பார்கள். உள்ளே எவ்வளவு கேஸ் இருக்கிறது, வீடு நிறைய இருக்கிறதா, முன்கதவு வழியாகவே போய்விட்டதா? மூக்கிருக்கிற எவளும் ஒரு நொடியில் சொல்லிவிடுவாள். தினம் எண்ணூறு குழாயில் கசிவு பார்க்கிறவள் தன் வீட்டைப் பார்த்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்திருந்தாள். யாராவது பீடியோடு வந்துவிடுவார்களோ என்று ஒவ்வொரு ஆளாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அரை மணி கழித்து ஃபரீதா வந்தாள். வாசலுக்கு வரும்போதே முகத்தைச் சுளித்து முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்னக்கா இது, கேஸ் இப்படி அடிக்குது. ஏன் வெளிய உக்காந்திருக்கீங்க?"

"டியூப் கழண்டிருச்சு. மூடிட்டேன். புள்ளைக்கு ஒண்ணுமில்ல, ஃபரீதா. நல்லா அழுதான்."

"எவ்வளவு நேரமா?"

"அரை மணி இருக்கும். நான் தண்ணி புடிக்கப் போயிருந்தேன்."

"வூட்டுக்குள்ள வந்ததுமே தெரிஞ்சிருக்குமேக்கா. இங்க நிக்கறப்பவே குடலப் புரட்டுது. உங்களுக்குத் தெரியலையா?"

இப்போதும் ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. தெரிந்தது, உடனே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன் என்று சொல்லிவிடலாம். ஃபரீதா நம்பியும்விடுவாள். எஸ்லின் அயானின் ஈரத் தலையைப் பார்த்தாள்.

"தெரியல. எனக்கு வாசனையே தெரியாது. காய்ச்சல் வந்துச்சில்ல, அப்பலேருந்து."

ஃபரீதா பிள்ளையை வாங்கிக்கொண்டாள். கன்னத்தையும் நெஞ்சையும் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"ரெண்டு வருசமாவா?"

"ஆமா."

"இவன் பொறந்தே பதினோரு மாசம்தான்க்கா ஆவுது."

ஃபரீதா வீட்டுக்குள் போகாமல், வந்த வழியே சந்தைப் பக்கம் நடந்தாள். திரும்பிப் பார்க்கவில்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூட எஸ்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

கை காலியானதும் எஸ்லின் எழுந்து உள்ளே போனாள். ஜன்னலையும் பின்கதவையும் திறந்தாள். முறத்தை எடுத்துத் தரையோடு விசிறி விசிறி வெளியே தள்ளினாள். எவ்வளவு விசிறினால் போதும் என்று தெரியாததால் தோள் கழன்றுபோகும்வரை விசிறினாள்.

இரண்டரை மணிக்குக் கிங்ஸ்டன் வந்தான். வாசலிலேயே அவனை நிறுத்தி எல்லாவற்றையும் சொன்னாள். டியூபைச் சொல்லும்போது அவன் முகம் சுண்டியது. மூக்கைச் சொன்னபோது அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"தெனம் கேட்டனே. வாசன வருதான்னு தெனம் கேட்டனே எஸ்லி."

"கேட்டீங்க. பயமா இருந்துச்சு."

"என்னா பயம், நான் அடிச்சிருவனா?"

"அலாரம்னு சொல்லிட்டே இருந்தீங்க."

அவன் படியில் உட்கார்ந்தான். சாப்பாட்டுப் பையை மடியில் வைத்து அதன் ஜிப்பைத் திறந்து திறந்து மூடினான். அவளைப் பார்க்காமல் பேசினான்.

"ஒரு கிளிப்புதான் கெடச்சிச்சு. அடுப்புப் பக்கம் டைட்டாத்தான் ஏறிச்சு, உட்டுட்டன். எங்கியாச்சும் கசிஞ்சா நீ மோந்து கண்டுபுடிச்சிருவன்னுதான் உட்டன். இல்லன்னா உட்டிருக்க மாட்டன்."

இருவருக்கும் அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை. அவன் சாப்பிடாமலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஏஜென்சிக்குப் போய், இந்த வருட அச்சோடு ஆரஞ்சு டியூபும் இரண்டு கிளிப்பும் வாங்கி வந்தான். இரண்டு பக்கமும் கிளிப் போட்டு முறுக்கினான். எஸ்லின் நுரை தடவினாள். குமிழி இல்லை. அடுப்பை முன்னும் பின்னும் நகர்த்தி, தூக்கி வைத்து, மறுபடி தடவினாள். அப்போதும் இல்லை. மணி ஆறாகியிருந்தது.

"ஓகேதான். பத்த வை" என்றான் கிங்ஸ்டன்.

அவள் லைட்டரைத் தொடவில்லை. காலையில் புள்ளி வைத்தபோதும் ஓகேதான்.

"நீங்க ஒருவாட்டி மோந்து பாருங்க."

அவன் குனிந்து, அடைத்த மூக்கை உறிஞ்சினான். இன்னொருமுறை உறிஞ்சினான். நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்த வீட்டில் வேலை செய்கிற மூக்கு ஒன்றுகூட இல்லை என்பது அப்போதுதான் இரண்டு பேருக்கும் ஒரேயடியாக உறைத்தது.

"சென்னம்மாவக் கூப்புடட்டா?" என்றான்.

"வேணாங்க. ஃபரீதாவத்தான் கூப்புடணும்."

ஃபரீதா சந்தையிலிருந்து வந்து கதவைச் சாத்தியிருந்தாள். உள்ளே அயான் எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. எஸ்லின் கதவுக்கு முன்னால் நின்றாள். தட்டினாள். திறக்கவில்லை. போய்விடலாமா என்று நினைக்கும்போது தாழ் விலகியது.

பிள்ளை ஃபரீதாவின் இடுப்பில் இருந்தான். எஸ்லினைப் பார்த்ததும் கையை நீட்டினான். ஃபரீதா அவனைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"டியூப் மாத்திட்டம். எங்க ரெண்டு பேருக்கும் வாசன தெரியாது" என்றாள் எஸ்லின். "நீ வந்து மோந்து சொன்னாத்தான் பத்த வைப்பேன். வரலன்னா வெக்க மாட்டேன். கோவப்பட உனக்கு எல்லா ஞாயமும் இருக்குது."

ஃபரீதா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கிங்ஸ்டனைப் பார்த்தாள், அவன் தலையைக் குனிந்துகொண்டான். சுவர் ஒன்றுதான், அங்கே வெடித்தால் இங்கேயும்தான் என்று நினைத்தாளோ என்னவோ, செருப்பை மாட்டினாள். எஸ்லின் வீட்டு வாசல்வரை வந்தாள். அங்கே நின்றுவிட்டாள். திறந்த கதவையும் இடுப்பில் இருந்த பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்தாள். பிள்ளையோடு உள்ளே போக அவளுக்கு மனசில்லை.

பக்கத்தில் நின்றது எஸ்லின்தான்.

"இவனப் புடிங்க. நான் பாத்துட்டு வர்றேன். வெளியவே நில்லுங்க" என்று பிள்ளையை அவள் கையில் கொடுத்தாள்.

அயான் தாவி வந்து அவள் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து வாயில் வைத்தான். எஸ்லின் அவனை இறுக்கிக்கொண்டு தெருவில் நின்றாள். உள்ளே ஃபரீதா மேடைக்கருகிலும் சிலிண்டருக்கருகிலும் குனிந்து நிமிர்வது தெரிந்தது. தரையில் மண்டியிட்டு, காலையில் பாய் கிடந்த இடத்தையும் மோந்து பார்த்தாள்.

"இல்லக்கா. எங்கயும் இல்ல. பத்த வைக்கச் சொல்லுங்க."

கிங்ஸ்டன்தான் போய்ப் பற்றவைத்தான். இரண்டு பர்னரும் நீலமாக எரிந்தன. ஃபரீதா வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். பிள்ளையைக் கேட்பாள் என்று எஸ்லின் கையைத் தளர்த்தினாள். ஃபரீதா உடனே வாங்கிக்கொள்ளவில்லை.

"காலைல அஞ்சரைக்குத்தான நொர தடவுவீங்க?" என்றாள். "கதவத் தட்டுங்க. நான் வந்து சொன்னதுக்கு அப்புறம் காலண்டர்ல புள்ளி வைங்க."